அரவைப்பா பள்ளத்தாக்கு: மேற்கு வாசலா, கிழக்கு வாசலா, இரவுத் தங்கலா, முழு நடையா?

அனுமதிச் சீட்டு எடுக்கப் போனால் முதலில் கேட்கும் கேள்விகள் இரண்டு: எந்த வாசல், எத்தனை நாள். அரவைப்பாவுக்குப் புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். வரைபடத்தில் பார்த்தால் இரண்டு வாசல்களுக்கும் இடையே 12 மைல், அதாவது 19 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் சாலை கிடையாது. காரில் ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்குப் போக மலையைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய 4 மணி நேரம் ஓட்டவேண்டும். வாசலைத் தவறாகத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்த ஒரு நாள் அங்கேயே முடிந்துபோகும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், தென்கிழக்கே, கலியூரோ மலைத்தொடரின் வட முனையை அரவைப்பா ஓடை அறுத்துக்கொண்டு போன இடம் இது. 1984-இல் காட்டுநிலக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 19,410 ஏக்கர். கூட்டரசு நில மேலாண்மைத் துறை நிர்வகிக்கிறது. இரு முனைகளிலும் நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு தன் நிலங்களைப் பாதுகாத்து வருகிறது. சில இடங்களில் பாறைச் சுவர்கள் 1,000 அடி வரை நிமிர்ந்து நிற்கின்றன. மேலே சகுவாரோ கள்ளி, கீழே காட்டன்வுட், சைகமோர், வில்லோ மர நிழல். சுற்றிலும் பாலை, நடுவில் ஆண்டு முழுவதும் வற்றாத நீர். கிழக்கே நிலத்தடி நீர் மேலெழுந்து இந்த ஓடையாகிறது. அதனால்தான் மழையில்லாத மே, ஜூன் மாதங்களிலும் இது ஓடுகிறது.

உள்ளே போட்ட பாதை இல்லை, வழிகாட்டிப் பலகை இல்லை, கட்டிவைத்த முகாமிடமும் இல்லை. ஓடையே பாதை. கணுக்கால் முதல் முழங்கால் வரை நீரில் நடந்து, கரையேறி, மறுபடி இறங்கி, இப்படியே போகவேண்டும்.

எதை வைத்து முடிவு செய்வது?

அழகை வைத்து வாசலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரு முனையும் அழகுதான். கீழுள்ள ஐந்தையும் இதே வரிசையில் பாருங்கள்.

1. உங்கள் வண்டி. தரை உயரம் குறைந்த காரா, நான்கு சக்கர இயக்கம் கொண்ட உயரமான வண்டியா?
2. சீட்டு. நாளொன்றுக்கு 50 பேருக்கு மட்டுமே அனுமதி. மேற்கு வாசலில் 30, கிழக்கில் 20.
3. நடை வேகம். ஓடையில் மணிக்கு ஒன்றரை மைலுக்கு மேல் கணக்குப் போடாதீர்கள். குழந்தைகளோடு போனால் ஒரு மைல்.
4. என்ன பார்க்க ஆசை? பறவையா, பாறைச் சுவரா, பழங்குடிக் கட்டடமா, தனிமையா?
5. வெள்ளம் வந்தால் எவ்வளவு விரைவில் மேட்டுக்கு ஏற முடியும்?

விதிகள் எல்லா வழிகளுக்கும் பொது. ஆளுக்கு நாளொன்றுக்கு 5 டாலர். இணையப் பதிவுக் கட்டணம் தனி. 13 வாரத்துக்கு முன்னிருந்து பதியலாம். ஒரு குழுவில் 10 பேருக்கு மேல் கூடாது. உச்சபட்சம் 3 நாள், 2 இரவு. நாய்களுக்கு அனுமதி இல்லை. கட்டணமும் விதிகளும் மாறக்கூடியவை, பதியும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

| | மேற்கிலிருந்து பகல்நடை | கிழக்கிலிருந்து பகல்நடை | 2 இரவுத் தங்கல் | முழு நடை |
|---|---|---|---|---|
| வண்டி | சாதாரணக் கார் பெரும்பாலும் போதும் | உயரமான வண்டி வேண்டும் | வாசலைப் பொறுத்தது | இரண்டு வண்டி |
| நடக்கும் தூரம் | போகவர 8–10 மைல் | போகவர 6–10 மைல் | 12–16 மைல், மூன்று நாளில் | 12 மைல், ஒரே போக்கு |
| சீட்டுப் போட்டி | வசந்தத்தில் மிக அதிகம் | ஆட்களும் குறைவு, இடங்களும் குறைவு | வார இறுதியில் அதிகம் | வாசலைப் பொறுத்தது |
| மறைமுகச் செலவு | குறைவு | டயர், பெட்ரோல், நேரம் | சுமை, கூடுதல் உணவு | ஒரு முழு நாள் ஓட்டம் |
| யாருக்கு? | முதல்முறை வருபவருக்கு | பறவை, தனிமை, தொல்லியல் விரும்பிகளுக்கு | நடுப்பகுதியைப் பார்க்க விரும்புபவருக்கு | மிகச் சிலருக்கு |

மேற்கு வாசல், ஒரு பகல்

77-ஆம் எண் நெடுஞ்சாலையில் விங்கிள்மன் ஊருக்குத் தெற்கே 11 மைலில் அரவைப்பா சாலை பிரிகிறது. அங்கிருந்து 12 மைல். தொடக்கத்தில் தார், பிறகு சரளை. காய்ந்த காலத்தில் சாதாரணக் காரே போய்விடும். மழைக்குப் பிறகு சாலையில் நீர் குறுக்கே ஓடலாம். டூசானிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல், ஃபீனிக்ஸிலிருந்து இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை நிறுத்தியதும் இறங்குமுகமாகச் சென்று ஓடையைத் தொடுவீர்கள். முதல் ஒரு மைலுக்கு மேல் காப்பக எல்லைக்கு வெளியே, தனியார் நிலங்களை ஒட்டிய நடை. அங்கே வழியைவிட்டு விலகாதீர்கள். அதற்கப்பால் சுவர்கள் நெருங்கத் தொடங்கும்.

மேற்கிலிருந்து போவதில் வெளியே அதிகம் பேசப்படாத நன்மை ஒன்று உண்டு. ஓடை கிழக்கிலிருந்து மேற்கே, சான் பெட்ரோ ஆற்றை நோக்கி ஓடுகிறது. மேற்கு வாசலில் நுழைந்தால் போகும்போது நீரோட்டத்துக்கு எதிராகவும், களைத்துத் திரும்பும்போது நீரோட்டத்தோடும் நடப்பீர்கள். இரு முனைகளுக்கும் உயர வேறுபாடு சுமார் 400 அடிதான். சரிவு கண்ணுக்கே தெரியாது. ஆனால் எட்டாவது மைலில் நனைந்த காலணியோடு நடக்கும் கால்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

காலை 7 மணிக்குப் புறப்பட்டு, எங்கே இருந்தாலும் நண்பகலில் திரும்பிவிடுங்கள். இந்தக் கணக்கில் நான்கு, ஐந்து மைல் உள்ளே போகலாம். சகுவாரோ கள்ளிகள் செறிந்து நிற்கும் சரிவுகள் இந்தப் பாதியில்தான் அதிகம். மலை விளிம்பில் பெருங்கொம்பு ஆடுகள் தென்படலாம். அவற்றைப் பெரும்பாலும் கண் முதலில் பிடிப்பதில்லை, காதுதான் பிடிக்கும்: மேலே சிறு கல் உருளும் சத்தம் கேட்டால் நின்று விளிம்பைப் பாருங்கள்.

இந்த வாசலுக்கு வரும் வழியில் கடந்துபோகும் நிலத்துக்கு ஒரு கொடிய வரலாறு உண்டு. அரவைப்பா ஓடை சான் பெட்ரோவில் கலக்கும் இடத்தருகே கிராண்ட் முகாம் என்ற ராணுவ முகாம் இருந்தது. அமைதியாக வாழ ஒப்புக்கொண்டு அதன் பாதுகாப்பில் தங்கியிருந்த அப்பாச்சி மக்களை, 1871 ஏப்ரல் 30 விடியலில் டூசானிலிருந்து வந்த கூட்டம் கொன்றது. இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வழக்கு நடந்தது, குற்றம்சாட்டப்பட்ட அனைவரும் விடுதலையானார்கள். இந்தப் பள்ளத்தாக்கு யாருமற்ற வெற்றுக்காடாகத்தான் கிடந்தது என்ற எண்ணத்தோடு யாரும் உள்ளே போகவேண்டாம்.

குறை என்றால் கூட்டம்தான். 30 பேர் என்பது கேட்கக் குறைவாகத் தோன்றும். எல்லாரும் ஒரே ஓடையில் நடப்பதால் வார இறுதியில் அடிக்கடி யாரையாவது எதிர்ப்படுவீர்கள். மார்ச் முதல் மே வரையும், அக்டோபர், நவம்பரிலும் வார இறுதிச் சீட்டுகள் திறந்ததுமே தீரும். செவ்வாய், புதனில் முயலுங்கள்.

கிழக்கு வாசல், ஒரு பகல்

சாஃபோர்ட் ஊருக்கு வடமேற்கே 70-ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து கிளாண்டைக் சாலை பிரிகிறது. அங்கிருந்து வாசல் வரை 40 மைலுக்கு மேல் சரளைச் சாலை. கிளாண்டைக் என்ற சிற்றூரைத் தாண்டிய கடைசிப் பத்து மைலில் வண்டியே ஓடையைப் பலமுறை கடக்கவேண்டும். தரை உயரம் குறைந்த காருக்கு இது வழியல்ல. உயரமான வண்டிக்கும், முந்தின நாள் மழை பெய்திருந்தால் வழியல்ல.

செலவு என்றதும் பலர் 5 டாலரை மட்டும் நினைக்கிறார்கள். கிழக்கு வாசலின் உண்மைச் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. பெட்ரோலை சாஃபோர்ட் பக்கமே நிரப்பிக்கொள்ளவேண்டும். முழு அளவு உபரிச் சக்கரம், ஜாக்கி, காற்றடிக்கும் கருவி கட்டாயம். கைபேசிச் சமிக்ஞை கிடைக்காது. வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்: பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் தார் போடாத சாலையைத் தடை செய்கின்றன. ஓடையில் வண்டி நின்றால் இழுவை வண்டிக் கட்டணம் முழுவதும் உங்கள் தலையில் விழும்.

இத்தனையும் தாண்டி ஏன் போகவேண்டும்? முதல் காரணம் டர்க்கி கிரீக். வாசலருகே வந்து சேரும் இந்தக் கிளைப் பள்ளத்தாக்கில், பாறைக் குடைவுக்குள் 1300-ஆம் ஆண்டையொட்டிச் சலாடோ என்ற பழங்குடி மரபினர் கட்டிய சிறு வீடு ஒன்று கூரையோடு நிற்கிறது. வெளியே நின்றே பார்க்கவேண்டும். சுவரில் கை வைப்பதும், உள்ளே நுழைவதும், சாய்ந்து படமெடுப்பதும் அந்த மண்சாந்தை உதிர்க்கும். உதிர்ந்தது திரும்ப ஒட்டாது.

இரண்டாவது காரணம் பறவைகள். காட்டன்வுட் தோப்புகள் இந்தப் பக்கம் அகன்று கிடக்கின்றன. மார்ச்சில் வந்து இலையுதிர்காலம் வரை தங்கும் கரும்பருந்து, ஓடையில் மீனும் தவளையும் பிடித்து உயர்ந்த மரங்களில் கூடு கட்டுகிறது. கூட்டைச் சுற்றிக் கூச்சலிட்டுக்கொண்டே பறந்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். நின்று படமெடுக்காமல் கடந்து செல்லுங்கள். செம்மார்பு ஈப்பிடிப்பானும் மஞ்சள் கதிர்க்குருவியும் ஏப்ரல், மே மாதங்களில் எளிதில் கிடைக்கும். நீண்ட மூக்கும் நிமிர்த்திய வாலுமாகக் கோவாட்டி என்ற சிறு விலங்குகளின் கூட்டம் புதரில் கிளறிக்கொண்டு போவதையும் பார்க்கலாம்.

நேரக் கணக்கில் மட்டும் கவனம். கிழக்கிலிருந்து நுழைபவர் போகும்போது நீரோட்டத்தோடு எளிதாகப் போய்விடுவார், எதிர்நீச்சல் திரும்பும்போது. ஆகவே திரும்பும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, காலை 11 என்று வையுங்கள். முந்தின இரவு கிளாண்டைக் அருகே உள்ள ஃபோர்மைல் கேன்யன் முகாமில் தங்கினால் விடியலில் தொடங்கலாம். டூசானிலிருந்து அதே நாளில் வந்து, நடந்து, இருட்டில் அந்தச் சாலையில் திரும்பும் திட்டத்தை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இரண்டு இரவு உள்ளே தங்குவது

என் முதல் பரிந்துரை இதுதான். பகல்நடை வருபவர்கள் இரு முனையிலிருந்தும் நடுப்பகுதியை எட்டுவதற்குள் திரும்பவேண்டிய நேரம் வந்துவிடுகிறது. பாறைச் சுவர்கள் நெருங்கி ஓங்கும் பகுதி, விர்கஸ், ஹார்ஸ் கேம்ப், பூகர் போன்ற கிளைப் பள்ளத்தாக்குகள், எல்லாம் அந்த நடுவில்தான் இருக்கின்றன. ஹார்ஸ் கேம்ப் பக்கம் கூடாரம் போட்டுவிட்டால், இரண்டாம் நாளில் முதுகுச் சுமை இல்லாமல் கிளைகளுக்குள் ஏறி இறங்கலாம். ஓடையில் 15 கிலோ சுமையோடு நடப்பதற்கும் வெறுங்கையோடு நடப்பதற்கும் உள்ள வேறுபாடு, வழுக்கும் உருண்டைக் கல்லில் கால் வைக்கும்போது புரியும்.

இரண்டு பேருக்கு மூன்று நாள் சீட்டு 30 டாலர். மறைமுகச் செலவு சுமையில் இருக்கிறது: சமையலுக்கு எரிவாயு அடுப்பு, ஒரு நாள் கூடுதல் உணவு, கழிவைப் புதைக்கச் சிறு மண்வெட்டி, நீர் வடிகட்டி. நீர் தெளிவாகத் தெரிந்தாலும், மேல்பக்கம் மேய்ச்சல் நிலங்கள் உண்டு, சுத்திகரிக்காமல் குடிக்கவேண்டாம். மழைக்குப் பிறகு வண்டல் வடிகட்டியை அடைத்துவிடும். மடக்கும் பையில் நீரை எடுத்து ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் வடிகட்டுங்கள். மாற்றாகச் சுத்திகரிப்பு மாத்திரை ஒரு பட்டை வைத்திருங்கள்.

கூடாரம் எங்கே போடுவது என்பதே இங்கு உயிர்ப் பிரச்சினை. மரக்கிளைகளில் சிக்கிய சருகு, வேர், குப்பைக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய வெள்ளம் எட்டிய மட்டம் அது. அதற்கு மேலேயுள்ள மேட்டில், அங்கிருந்து இன்னும் மேலே ஏற வழியுள்ள இடத்தில் போடுங்கள். கிளைப் பள்ளத்தாக்கின் வாய்க்கு நேராகப் போடாதீர்கள். அங்கேயும் தனியாக வெள்ளம் வரும்.

கழிவுக்கு ஓடையிலிருந்து 200 அடி விலகிப் போகவேண்டும். குறுகிய பகுதிகளில் அவ்வளவு இடமே இராது. அதனால் அகன்ற இடம் வரும்போதே முடித்துக்கொள்வது, அல்லது கழிவுப்பையில் சேர்த்து வெளியே கொண்டுவருவது. காகிதத்தை எப்போதும் வெளியே கொண்டுவரவேண்டும்.

மேற்கிலிருந்து போய், தங்கி, மேற்குக்கே திரும்புங்கள். சாதாரணக் கார் போதும், திரும்பும்போது நீரோட்டம் துணை. உயரமான வண்டி உள்ளவர்கள் கிழக்கிலிருந்து இதையே செய்யலாம். அந்தப் பக்கம் ஹெல் ஹோல் என்னும் கிளையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

முழு நடை

ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளிவருவது. ஒரே நாளில் நல்ல நடையாளருக்கே 10 மணி நேரம் ஆகும். எல்லாரும் முதலில் ஆசைப்படுவது இதற்கு, கடைசியில் வருந்துவதும் இதற்கே. மறுமுனையில் வண்டி காத்திருக்கவேண்டுமென்றால் முன்பே ஒரு வண்டியைக் கொண்டுவிட்டு 4 மணி நேரம் சுற்றி வரவேண்டும்; முடிந்தபின் மறுபடி 4 மணி நேரம். 12 மைல் நடைக்கு 8 மணி நேரக் கார் ஓட்டம். அந்த நேரத்தை உள்ளே இன்னோர் இரவாகச் செலவிட்டால் கிடைப்பது மிக அதிகம்.

இது சரிப்படும் சூழல் ஒன்று உண்டு. இரண்டு குழுக்கள், இரண்டு வாசல்களிலிருந்தும் ஒரே நாளில் புறப்பட்டு, நடுவில் சந்தித்துக் கார் சாவியை மாற்றிக்கொள்வது. இதற்கு இரு வாசல்களுக்கும் தனித்தனிச் சீட்டு வேண்டும். சாவிக்கு மாற்றுச் சாவி முன்கூட்டியே கைமாறியிருக்கவேண்டும், ஏனென்றால் வளைவில் ஒருவரையொருவர் பாராமல் கடந்துவிட வாய்ப்பு உண்டு. ஒரு குழு பாதியில் திரும்பினால் மற்றக் குழு என்ன செய்யும் என்பதையும் பேசி வையுங்கள். கிழக்கே நிற்கும் வண்டியை எடுத்து ஓட்டப்போகிறவருக்கு ஓடை கடக்கும் பழக்கம் இருக்கவேண்டும்.

வெள்ளம்: எந்த வழியானாலும்

ஜூலை முதல் செப்டம்பர் வரை இங்கே பருவமழை. ஓடையின் நீர்ப்பிடிப்பு 500 சதுர மைலுக்கு மேல், அதில் பெரும்பகுதி பள்ளத்தாக்குக்குக் கிழக்கே. மேற்கு வாசலில் நீலவானம் இருக்கும்போதே கிழக்கே பெய்த மழை உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கலாம். 1983 அக்டோபரிலும் 2006 கோடையிலும் வந்த பெருவெள்ளங்கள் கரையோர மரங்களைப் பிடுங்கி ஓடையின் போக்கையே மாற்றின. அதற்கு முந்தைய பழைய குறிப்புகளில் சொல்லும் முகாமிடங்கள் இன்று அப்படியே இருக்கும் என்று நம்பாதீர்கள்.

இணையத்தில் ஓடையின் நீரோட்ட அளவு கிடைக்கிறது. மாமத் ஊர்ப் பக்கம், பள்ளத்தாக்கின் மேற்கு முனைக்குக் கீழே உள்ள அளவு நிலையம் அது. அதாவது வெள்ளம் உங்களைக் கடந்துபோன பிறகே அங்கே பதிவாகும். புறப்படும் முன் நீர்மட்டம் அறிய அது பயன்படும், எச்சரிக்கையாகப் பயன்படாது. எச்சரிக்கைக்குக் கிழக்குப் பகுதியின் மழை முன்னறிவிப்பையும் ரேடார் படத்தையும் பாருங்கள். உள்ளே இருக்கும்போது தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்துவந்தாலோ, உறுமல் கேட்டாலோ, பையை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். வடிய மணிக்கணக்கில் ஆகும், சில நேரம் ஒரு நாளுக்கு மேல். கூடுதல் உணவு சொன்னது இதற்காகத்தான். முழு நடையில் இருப்பவருக்குத் திரும்பவும் முடியாது, முன்னேறவும் முடியாது என்ற நிலை எளிதில் வரும். அந்த வழியை நான் பின்னுக்குத் தள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலணி, காலுறை, கல்

தோல் பூட்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது. திறந்த செருப்பில் சரளை புகுந்துகொண்டே இருக்கும். நீர் வடியும் வலைத்துணி ஓட்டக் காலணியும் கம்பளிக் காலுறையும் சரி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் காலுறை. மணல் உராய்ந்து கொப்புளம் வருவதே இங்கே பலரைத் திருப்பி அனுப்புகிறது, ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காலணியைக் கழற்றி அலசுங்கள். ஊன்றுகோல் இரண்டு. முட்புதருக்கும் மூவிலை நச்சுக்கொடிக்கும் முழுநீளக் கால்சட்டை. பாறையிடுக்கில் கை வைக்கும் முன் பாருங்கள், சலங்கைப் பாம்புகள் உண்டு.

ஓடையில் கற்களைப் புரட்டாதீர்கள், குளிக்கக் குட்டை கட்டாதீர்கள். அரவைப்பாவில் 7 வகை நாட்டு மீன்கள் இன்னும் சேர்ந்து வாழ்கின்றன; அரிசோனாவில் இப்படி வேறு இடம் காண்பது அரிது. லோச் மின்னோ, ஸ்பைக்டேஸ் என்ற இரண்டும் 2012 முதல் கூட்டரசின் அருகிவிட்ட உயிரினப் பட்டியலில் இருக்கின்றன. லோச் மின்னோ வசந்தத்தில் சலசலத்து ஓடும் ஆழமற்ற நீரில், கற்களின் அடிப்பக்கத்தில் முட்டையிடுகிறது. விளையாட்டாகப் புரட்டிய ஒரு கல்லோடு ஒரு ஈற்றுமே போய்விடும். அந்நிய மீன்கள் ஏறிவராமல் இருக்கவென்றே 2001-இல் கீழ்ப்பகுதியில் இரண்டு தடுப்பணைகள் கட்டினார்கள்.

சீட்டு கிடைக்காவிட்டால்

பயண நாளுக்கு முந்தைய வாரத்தில் ரத்தாகும் சீட்டுகள் மீண்டும் பட்டியலில் வரும். காலையும் மாலையும் பாருங்கள், குறிப்பாக மழை முன்னறிவிப்பு வந்த மறுநாள். ஆனால் அந்தச் சீட்டு ஏன் காலியானது என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரி வார நாள்களில் இடம் எளிதாகக் கிடைக்கும். நீர் மிகக் குளிராக இருக்கும், பகலும் 10, 11 மணி நேரம்தான். அந்த மாதங்களில் மேற்கு வாசலில் நுழைந்து மூன்று மைலோடு திரும்புங்கள். மரங்கள் இலையுதிர்த்து நிற்பதால் மலை விளிம்பு தெளிவாகத் தெரியும், ஆடுகளைத் தேடுவதற்கு அதுவே நல்ல காலம்.